பார்க்காமல் வீசிய பந்து

என் சிநேகிதனே, என் மச்சானே, தணிகாசலம்,

ஜப்பான்காரன் குண்டு போட வருகிறான் என்று மெட்ராஸில் பாதி ஜனம் மூட்டை கட்டி ரயிலேறிய வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கும். ராயபுரத்தில் தெருத்தெருவாகப் பூட்டுத் தொங்கியது. போக ஊர் இருந்தவர்கள் போனார்கள். வியாசர்பாடியில் பிறந்த நமக்கு வேறு ஊர் ஏது? துறைமுகத்தில் கரி இறக்க ஆள் கிடைக்காமல் கங்காணி குடிசை குடிசையாக வந்து கூப்பிட்டார். நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் கரிக்கூட்டத்தில் சேர்ந்தோம். உனக்குப் பதினெட்டு, எனக்குப் பதினேழு.

எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். கீழ்வீட்டுக் காதர் பாய், தபாலாபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். என் பேச்சை எப்படி வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளுங்கள் பாய், என் மச்சான் பேசியதை மட்டும் தொடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

இத்தனை வருஷம் கழித்து இப்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். உன் பேரப்பிள்ளைகள் கொடுங்கையூரில் உன் பேரில் பாஸ்கட் பால் போட்டி நடத்துகிறார்கள், மச்சான். சிமென்ட் தரை, கண்ணாடிப் பலகை, ராத்திரியைப் பகலாக்குகிற விளக்கு. பக்கத்துக் குப்பைமேட்டுப் புகை மட்டும் காற்று திரும்பினால் ஆட்டத்துக்கு நடுவில் வந்து நிற்கும். போட்டிக்கு ஒரு மலர் அச்சடிக்கிறார்களாம். உன் படம் ஒன்றுகூட இல்லை என்பதால் என்னிடம் வந்தார்கள். தாத்தாவைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லுங்கள் என்றார்கள். ரெண்டு வார்த்தையில் எதைச் சொல்ல, எதை விட?

கரியிலிருந்தே தொடங்குகிறேன். அந்தப் பிள்ளைகளுக்கு அது தெரியாது. துறைமுகத்தில் இப்போது கரியே இல்லை, எல்லாம் எண்ணூருக்குப் போய்விட்டது.

கப்பலின் அடிவயிற்றிலிருந்து மேலே வரைக்கும் வரிசையாக நிற்போம். நிரம்பிய கூடை கைமாறி மேலே போகும். காலிக்கூடை கீழே திரும்பி வரும்போது அதை வீசுவோம். வீசுகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் ஒரு மூச்சு வீணாகும், வரிசை முழுவதும் நின்றுபோகும். பார்த்தாலும் அந்தக் கரித்தூளில் என்ன தெரியும்? அதனால் வாங்கத் தயாராக நிற்பவன் உள்ளங்கைகளைக் குவித்து இரண்டு தட்டுத் தட்டுவான். தட்டு கேட்டால் வீசு. கேட்காவிட்டால் பிடித்துக்கொள். அவ்வளவுதான் சட்டம். கேட்டபிறகு யோசிக்கிறவன் கரிக்கூட்டத்தில் ஒரு நாள் தாங்க மாட்டான்.

ஒவ்வொருவன் தட்டும் ஒரு மாதிரி. என் வலது கையில் இரண்டு விரல் மடங்காது. அதனால் என் தட்டு கொஞ்சம் பொத்தலாகக் கேட்கும். நீ கேலி செய்வாய்.

"உன் தட்டு இன்னா மச்சான், ஓட்டக் கொடத்த தட்ற மாரி கீது. நூறு பேர்ல சொல்லுவேன் நீதான்னு."

ஜப்பான்காரன் சண்டை முடிகிற சமயம், ஏதோ ஒரு கப்பலின் மாலுமிகள் கிடங்குச் சுவரில் பீப்பாய் வளையத்தை அடித்துப் பந்து போட்டு விளையாடினார்கள். போகும்போது தேய்ந்த பந்து ஒன்றை விட்டுவிட்டுப் போனார்கள். சாப்பாட்டு நேரத்தில் நாம் அதை எடுத்தோம். யாரும் சொல்லித்தரவில்லை. கூடை வீசுகிறவனுக்குப் பந்து வீசத் தெரியாதா? கம்பெனிகளெல்லாம் டீம் வைக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு நம் கரி கன்ட்ராக்டரும் ஒரு டீம் வைத்தார். முதல் ஆட்டத்துக்குக் கறுத்த காலோடு, ஷூ இல்லாமல் இறங்கியபோது, "கரிக்கூடைங்க வந்துட்டானுங்கடோய்" என்று மைதானமே சிரித்தது. ஆட்டம் முடியும்போது சிரிக்கவில்லை. நீ திரும்பாமல் முதுகுக்குப் பின்னால் வீசுவாய், நான் தட்டிய இடத்துக்குப் பந்து வந்து நிற்கும். அந்த வித்தை வேறு எந்த டீமுக்கும் தெரியாது.

அப்புறம்தான் உன்னை ஊரெல்லாம் கேட்க ஆரம்பித்தார்கள்.

முதலில் ஒரு எண்ணெய் மில். பிறகு தோல் கிடங்கு. சோப்புக் கம்பெனி, இரும்பு வார்ப்புப் பட்டறை என்று போனாய். எல்லா இடத்திலும் ஒரே கதை. பொங்கல் முடிந்ததும் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். 'டெம்பரரி' என்று சேர்ப்பார்கள். பகலில் மூட்டை தூக்க வேண்டும், சாயங்காலம் ஆட வேண்டும். ஐப்பசி மழை தொடங்கினால் மண் மைதானத்தில் ஆட்டம் இல்லை. ஆட்டம் இல்லையென்றால் வேலையும் இல்லை. தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது பனியனையும் கான்வாஸ் ஷூவையும் திருப்பி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். உன் காலுக்குக் கடையில் ஷூ கிடைக்காது. அளவெடுத்துத் தைக்க வேண்டும். வேறு எவன் காலுக்கும் சேராத அந்த ஷூவைத் திருப்பி வாங்கி என்னதான் செய்தார்களோ. சோப்புக் கம்பெனியில் அது இரண்டு வருஷம் ஆணியில் தொங்கியதை நானே பார்த்தேன்.

நீ பெரிய ஆட்டக்காரன் இல்லை. இதை நான் சொன்னால் உனக்குக் கோபம் வராது, நீயே சொன்னதுதான். "நான் கூடைல போட்றவன் இல்ல மச்சான். போட்றவன் கைக்குக் கொண்டாந்து குட்க்கறவன்" என்பாய். கைதட்டல் பந்தைப் போட்டவனுக்குப் போகும். மாலையும் அவனுக்கு. வேலை நிரந்தரமானதும் அவனுக்குத்தான். போன வருஷம் யாருக்காக ஆடினாயோ அவர்களையே இந்த வருஷம் எதிர்த்து ஆடுவாய். ஜனங்கள் உனக்கு 'வாடகை மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தார்கள். கோட்டுக்கு வெளியே நின்று கத்துவார்கள். நீ ஒரு தடவை திரும்பி, "வாடகன்னாலும் மாப்ள தாண்டா" என்று சொன்னதும் கத்தினவனே சிரித்துவிட்டான்.

நிஜ மாப்பிள்ளை ஆனதும் அந்தச் சமயத்தில்தான். மாகாணம் முழுக்கக் கள்ளுக்கடையை மூடிய வருஷம் என் தங்கச்சியை உனக்குக் கொடுத்தோம். சோடா கலர் குடித்துவிட்டு ஆடிய கல்யாணம் வியாசர்பாடியில் அதுதான் முதல். உன் சட்டையை முகர்ந்து பார்த்து நீ எந்தக் கம்பெனியில் இருக்கிறாய் என்று அவள் சொல்வாள். கடலை எண்ணெய் வாசனை, தோல் நாற்றம், இரும்புத் துரு. சோப்புக் கம்பெனி வருஷம் அவளுக்கு ரொம்பப் பிடித்தது. எந்த வாசனையும் இல்லாத நாட்களில் அவள் ஒன்றும் கேட்க மாட்டாள். நீ முற்றத்துக் கல்லில் உட்கார்ந்திருப்பாய்.

அவள் ஆசைப்பட்டது நகையா, புடவையா? வீட்டுக்குள் ஒரு தண்ணீர்க் குழாய். திருவொற்றியூரில் நீங்கள் இருந்த குடிசையிலிருந்து தெருக்குழாய்க்கு நான்கு தெரு. விடிவதற்கு முன் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, இடுப்பில் ஒன்று, கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று என்று குழந்தைகளோடு நிற்பாள். கடல் உப்பு ஏறிய கிணற்றுத் தண்ணீரில் சமைத்துப் பெரியவனுக்கு வயிறு கெட்டு, ஒரு மாதம் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கிடந்தான். அதற்கப்புறம் அவளுக்கு அந்தக் குழாய் ஒன்றுதான் பேச்சு.

அணாவை எடுத்துவிட்டு நயா பைசா கொண்டுவந்த வருஷம். உனக்கு முப்பத்து மூன்று, முழங்காலில் எப்போதும் துணிக்கட்டு. அந்த வருஷம் நீ ஆடியது தகர டப்பாக் கம்பெனிக்கு. அதன் மேனேஜர் ஆட்டப் பைத்தியம். நல்ல மனிதர் என்றுதான் சொல்ல வேண்டும். கோப்பை வந்தால் உன்னை நிரந்தரமாக்கி, இரண்டு அறை குவார்ட்டர்ஸ் தருகிறேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். உங்கள் இரண்டு பேரையும் கூட்டிப்போய்க் காட்டவே காட்டினார். என் தங்கச்சி அந்தச் சமையலறையில் குழாயைத் திறந்தாள், மூடினாள், திரும்பவும் திறந்தாள். அடுப்பை எங்கே வைப்பது என்று என்னிடம் சொன்னாள். அரிசிப்பானை எந்த மூலையில், குழந்தைகள் எந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பது என்பது வரைக்கும் சொன்னாள்.

கடைசி ஆட்டத்தில் உங்களுக்கு எதிராக வந்து நின்றது யார்? நாங்கள். பழைய கரி கன்ட்ராக்டர் டீம். நான் இன்னும் அங்கேதான் இருந்தேன். பதினைந்து வருஷமாக அதே கூடை.

தண்டையார்பேட்டை மைதானத்தில் ஒரு சாயங்காலம். என் தங்கச்சி அதுவரை உன் ஆட்டத்தைப் பார்த்ததே இல்லை. அன்றைக்கு வந்து, பெண்கள் பக்கம் கோணிப்பையை விரித்து உட்கார்ந்தாள். சின்னவள் மடியில். ஆட்டம் முழுக்க நீ என்னைத்தான் காவல் காத்தாய். என்னால் அசைய முடியவில்லை. வழக்கமாக ஆடுகிற ஆட்டத்தில் பாதி கூட ஆடவில்லை என்று எங்கள் ஆட்கள் என்னைத் திட்டினார்கள். நீ வேறு விளையாட்டாக என் காதில், "இன்னா மச்சான், கால்ல கோந்து ஒட்டிகினு கீதா?" என்றாய்.

முடிய அரை நிமிஷம் கூட இல்லை. நீங்கள் ஒரு பாயின்ட் முன்னால். பந்து உன் கையில். எதுவும் செய்ய வேண்டாம், பிடித்துக்கொண்டு நின்றாலே போதும். எங்கள் ஆட்கள் இரண்டு பேர் உன்னை மூலைக்கோட்டில் நெருக்கினார்கள். நீ குனிந்து பந்தை வயிற்றோடு அணைத்து, மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றாய். உன் ஆட்கள் கத்துகிறார்கள், ஜனம் கத்துகிறது. எதுவும் பிரித்துக் கேட்காத இரைச்சல். உனக்குப் பின்னால் பத்தடியில் நான். என் பக்கத்தில் யாரும் இல்லை.

உள்ளங்கைகளைக் குவித்து இரண்டு தட்டுத் தட்டினேன்.

நீ திரும்பவில்லை. உன் முதுகு கேட்டது, உன் கை வீசியது. பந்து என் மார்புக்கு நேராக, அழகாக, எப்போதும் வருவதுபோல வந்தது. அதைக் கூடையில் போட எனக்கு இரண்டு எட்டுத்தான். போட்டதும் விசில் ஊதிவிட்டார்கள்.

நீ திரும்பிப் பார்த்தாய். என் முகத்தைப் பார்க்கவில்லை, மச்சான். என் கையைப் பார்த்தாய்.

இந்த இடத்தில் காதர் பாய் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இதையும் எழுதணுமா அண்ணே?" என்று கேட்கிறார். இதை எழுதத்தான் உங்களைக் கூப்பிட்டேன் பாய், எழுதுங்கள்.

பழக்கத்தில் கை தானாகத் தட்டிவிட்டது என்று எனக்கு நானே ஐம்பது வருஷத்துக்கு மேலாகச் சொல்லிக்கொண்டேன். அது பொய். நான் யோசித்துத்தான் தட்டினேன். தட்டினால் வீசுவாய் என்று இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். உன்னைக் கெடுக்க நினைத்தேனா? இல்லை. குழாய், குவார்ட்டர்ஸ், என் தங்கச்சி, எதுவுமே அந்த ஒரு மூச்சில் என் கண்ணுக்கு வரவில்லை. ஐந்து கம்பெனிக்காரன் உன்னைத் தேடி வந்தான், ஒருத்தன்கூட என்னைத் தேடி வரவில்லை. ஒரே ஒரு தடவை உன்னை ஜெயிக்க வேண்டும் என்றிருந்தது. அவ்வளவுதான். அவ்வளவுக்கு இவ்வளவு.

எங்கள் ஆட்கள் என்னைத் தோளில் தூக்கினார்கள். மேலேயிருந்து எனக்கு எல்லாம் தெரிந்தது. டப்பாக் கம்பெனிக்காரர்கள் உன்னைச் சுற்றி நின்று, பழைய கன்ட்ராக்டரிடம் திரும்பிப் போவதற்காக ஆட்டத்தை விற்றுவிட்டாய் என்றார்கள். வேறு எப்படி நினைப்பார்கள்? முதுகுக்குப் பின்னால் எதிராளியின் கைக்கு அளந்து வைத்ததுபோல வீசினால்? மேனேஜர் கத்தவில்லை. உன் காலைப் பார்த்தார். நீ அங்கேயே உட்கார்ந்து ஷூவைக் கழற்றி, கயிற்றை இரண்டுக்கும் சேர்த்து முடிந்து அவர் கையில் கொடுத்தாய்.

திருவொற்றியூர் வரைக்கும் நீ வெறுங்காலோடு நடந்தாய். என் தங்கச்சி உனக்கு முன்னால் சின்னவளைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். நான் பின்னால். வீட்டுக்குள் போனதும் அவள் கேட்டாள்.

"எல்லாரும் இன்னா இன்னாவோ சொல்றாங்க. நீயேவாய்யா தூக்கிக் குட்த?"

நான் வாசலில் நின்றேன். நீ என்னை ஒரு தடவை பார்த்தாய். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், உன் அண்ணன் தட்டினான் என்று. அன்றைக்கே அவளுக்கு அண்ணன் இல்லாமல் போயிருப்பான். நீ அவள் பக்கம் திரும்பினாய்.

"ஆமா. நான்தான் குட்தேன்."

அதுவும் நிஜம்தானே. நான் வாயைத் திறக்கவில்லை. இப்போதுதான் திறக்கிறேன்.

அதற்கப்புறம் எந்தக் கம்பெனியும் உன்னைக் கூப்பிடவில்லை. ஒரு லாரி ஷெட்டுக்காக இரண்டு பருவம் வெறுங்காலோடு ஆடினாய், டீயும் பன்னும் கொடுத்தார்கள். முழங்கால் நின்றுபோனது. கடைசியில் கரிக்கூட்டத்துக்கே திரும்பி வந்தாய். கன்ட்ராக்டர் டீமில் சேர்க்கவில்லை, கூடை தூக்க மட்டும் சேர்த்தார். வரிசையில் உனக்கு அடுத்த இடம் என்னுடையது.

முதல் நாள் நான் தட்டினேன். வேறு என்ன செய்வது, வேலை அதுதானே. நீ வீசவில்லை. திரும்பினாய், பார்த்தாய், கூடையை என் கையில் மெதுவாக வைத்தாய். மேலேயிருந்து கங்காணி கத்தினார். மறுநாளும் அப்படியேதான். கப்பலில் கூடை போய் மெஷின் வரும் வரைக்கும் நீ எனக்குப் பார்க்காமல் வீசவே இல்லை. மற்றவர்களுக்கு வீசினாய். எனக்கு மட்டும் திரும்பிப் பார்த்துக் கொடுத்தாய். கோபமாக அல்ல. என் வீட்டில் சாப்பிட்டாய், என் மகள் கல்யாணத்துக்குப் பந்தல்கால் நட்டாய், சிரித்தாய், கேலி பேசினாய். கூடையை மட்டும் வீசவில்லை.

ஒரு நாள் தாங்கமாட்டாமல் ஆரம்பித்தேன். "மச்சான், அன்னிக்கு மைதானத்துல..." என்றேன்.

"வுடு மச்சான். கூட வருது, புடி" என்றாய்.

அதோடு சரி. உன்னை மூலக்கொத்தளத்தில் மண்ணில் வைக்கும்போதும் அந்தப் பேச்சு நமக்குள் பாக்கியாகவே இருந்தது.

அப்படியே போயிருப்பேன், நானும் உன் பக்கத்துக்கு வந்திருப்பேன். போன வாரம் கொடுங்கையூருக்கு என் தங்கச்சியைப் பார்க்கப் போனேன். மூன்றாவது மாடியில் இருக்கிறாள். சமையலறையில் குழாய், குளிக்கிற இடத்தில் குழாய். குழாயில் தண்ணீர் மட்டும் வருவதில்லை. லாரி வந்தால் பேத்தி கீழே போய்ப் பிடித்து வருகிறாள். தங்கச்சி அதைச் சொல்லிச் சிரித்தாள். உன் பேரில் நடக்கும் போட்டியைப் பற்றிப் பேச்சு வந்தது. அப்புறம் சாதாரணமாக, பருப்பில் உப்பு கம்மி என்று சொல்வதுபோலச் சொன்னாள்:

"எல்லாத்துலயும் தங்கமான மனுசன். என்ன ஒரு அடி அடிச்சதில்ல. ஒரே ஒரு தபா என்ன வித்துட்டாருண்ணா."

நாற்பது வருஷம் உன்னோடு குடித்தனம் நடத்தினாள், மச்சான். அவள் குடம் தூக்கின ஒவ்வொரு நாளும் அதை நினைத்துக்கொண்டேதான் தூக்கியிருக்கிறாள். உனக்கு அது தெரியும். தெரிந்தும் அவளுக்கு அண்ணன் வேண்டும் என்று நீ அதைச் சுமந்தாய். ஐந்து கம்பெனி உன்னைத் தூக்கிப் போட்டதைவிட, நான் உன் தலையில் ஏற்றியதுதான் கனம்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்தக் கடிதம் மலரில் வரும். உன் பேரன்களிடம் ஒரு வரியும் வெட்டக்கூடாது என்று சொல்லிவிட்டேன். ஆனால் அச்சுக்குப் போவதற்கு முன்னால், இந்த வெள்ளிக்கிழமை, நான் அந்த மூன்று மாடியையும் ஏறுவேன். காதர் பாய் படித்துக் காட்ட வேண்டாம். அவள் எதிரில் உட்கார்ந்து, இந்தக் கையைக் குவித்து இரண்டு தட்டுத் தட்டிக் காட்டி, என் வாயாலேயே சொல்வேன். எண்பது வயதுக்கு மேல் எனக்கு அந்த வீட்டுக் கதவு சாத்தினால் சாத்தட்டும். உன் பேர் அவள் மனதில் நிமிர்ந்து நிற்க வேண்டும்.

தள்ளிப்போட முடியாது. டப்பாக் கம்பெனி மேனேஜர் போய்விட்டார். கங்காணி, கன்ட்ராக்டர், விசில் ஊதியவர், உன் பக்கத்து நான்கு பேர், என் பக்கத்து நான்கு பேர், யாரும் இல்லை. மடியில் இருந்த சின்னவளைக்கூடப் போன மாசியில் அனுப்பிவிட்டோம். அன்று அந்த மைதானத்தில் இருந்தவர்களில் நான் அறிய என்னை விட்டால் இன்னும் உயிரோடு இருப்பது, கோணிப்பையை விரித்து உட்கார்ந்திருந்த ஒருத்திதான்.

உன் தட்டுக்குக் காத்திருக்கும் மச்சான்,
ஏழுமலை,
பவுனம்மாவின் அண்ணன்.